தாத்தாவா, டாட்டாவா? பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் கணக்கு

என் மகளுக்கு ஆறு வயது. கலிபோர்னியாவில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அப்பாவைப் பார்த்ததும் "டாட்டா" என்பாள். கூப்பிடுகிறாளா, விடை சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடாது. "இப்பத்தானே வந்த, அதுக்குள்ள டாட்டாவா?" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு வராது.

போன டிசம்பரில் மூன்று வாரம் நாட்றாம்பாளையம் போய் வந்தோம். மகள், ஒன்றரை வயது மகன், நானும் மனைவியும். போவதற்கு முன் ஆறு மாதம் இது சம்பந்தமாகக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அந்தக் குறிப்புகளையும் ஊரில் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஊசி, மருந்து விஷயத்தில் உங்கள் பிள்ளையின் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

21 நாள் கணக்கு

அப்பாவுக்கு இப்போது 72. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து வருஷத்தில் ஐந்து பயணம். ஐந்து இருபத்தொன்று, 105 நாள். அவருக்கும் என் பிள்ளைகளுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது, எல்லாம் நல்லபடியாக நடந்தால், மூன்றரை மாதம்.

இதில் கழிக்க வேண்டியவையும் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் போன பயணத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஜெட் லேகில் ஒரு வாரம். வயிற்றுப்போக்கில் நான்கு நாள். குலதெய்வம், சொந்தக்காரர் வீடுகள், ஒரு கல்யாணம் என்று ஆறு நாள். 21-இல் 17 போச்சு. தாத்தாவும் பேத்தியும் சும்மா உட்கார்ந்திருந்தது நான்கே நாள். இந்த நாலை எப்படிப் பத்தாகவோ பன்னிரண்டாகவோ ஆக்குவது என்பதுதான் நான் தேடிய கேள்வி.

நமக்குச் சொந்த ஊர், பிள்ளைக்கு வெளிநாடு

பயண மருத்துவத்தில் 'வி.எஃப்.ஆர். பயணிகள்' என்று ஒரு வகை உண்டு. உறவினரையும் நண்பரையும் பார்க்கச் சொந்த நாட்டுக்குப் போகிறவர்கள். அதாவது நாம்தான். சுற்றுலாப் பயணியைவிட டைபாய்டு, மலேரியா போன்ற நோய்களோடு திரும்பி வரும் ஆபத்து நமக்குத்தான் அதிகம் என்று இந்தத் துறையில் பல வருஷமாக எழுதி வருகிறார்கள்.

காரணங்களைப் படித்தபோது யாரோ என் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. சுற்றுலாப் பயணி ஓட்டலில் பாட்டில் தண்ணீர் குடிக்கிறான், ஒரு வாரத்தில் கிளம்பிவிடுகிறான். நாம் நாள்கணக்கில் தங்குகிறோம், கிராமத்துக்குப் போகிறோம், கொடுத்ததைக் குடிக்கிறோம். கடைசி நேரத்தில் டிக்கெட் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நம்ம ஊருக்குப் போறதுக்கு எதுக்கு டாக்டர்?' என்று நினைக்கிறோம்.

ஊர் எனக்கு நம்ம ஊர். என் பிள்ளைகளுக்கு? காகிதத்திலேயே அவர்கள் வெளிநாட்டவர்கள். அமெரிக்க பாஸ்போர்ட், கூட ஓ.சி.ஐ. அட்டை. (பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும். 2021-இல் வந்த தளர்வின்படி, 20 வயதுக்குள் பாஸ்போர்ட் மாறினால் ஓ.சி.ஐ. அட்டையைப் புதிதாக எடுக்க வேண்டாம். புது பாஸ்போர்ட்டின் நகலையும் புது போட்டோவையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும். மறந்துவிடாதீர்கள்.) பாஸ்போர்ட்டில் மட்டும் இல்லை, அவர்களின் குடல், தூக்கம், காது எல்லாமே வெளிநாடுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஒத்துக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் வெறும் ஏற்பாடுதான்.

தண்ணீர்

நான்கு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்போது மகளுக்கு இரண்டு வயது. ஊரில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு, அதுவே சரியானது. கலிபோர்னியா திரும்பி இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். குறையவே இல்லை. மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள்?" ரத்தத்தைக் கல்ச்சர் செய்து பார்த்ததில் டைபாய்டு.

டைபாய்டு கிருமி உள்ளே போன உடனே காய்ச்சல் வராது. ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால் பலருக்கும் ஊரில் ஒன்றும் தெரியாது, திரும்பிய பிறகுதான் படுப்பார்கள். அமெரிக்காவில் டைபாய்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாடு போய் வந்தவர்கள். அதிலும் தெற்காசியா போய் வந்தவர்கள் அதிகம்.

மகள் தேறிவிட்டாள். ஆனால் அம்மா கேட்ட கேள்விதான் மறக்கவில்லை. "நான் குடுத்த தண்ணிதானாப்பா?" இல்லை என்று சொன்னேன். எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ரோட்டோரம் வெட்டி வைத்த பழமாக இருக்கலாம், ஐஸாக இருக்கலாம். அம்மா நம்பவில்லை. அதன் பிறகு போனில் "எப்ப வரீங்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்குப் புரியாத விஷயம் இது: "நாங்க அதே தண்ணியத்தானே குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்வி. டைபாய்டு இருக்கும் ஊரில் சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கிருமியைச் சந்தித்தவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே பெரியவர்களைவிடப் பிள்ளைகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. என் பிள்ளைகளுக்கு அந்தச் சந்திப்பே கிடையாது. இருபது வருஷமாக வெளியே இருக்கும் எனக்கும் பழைய எதிர்ப்பு பாக்கி இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

தடுப்பூசி உண்டு. அமெரிக்காவில் போடும் ஊசி இரண்டு வயதுக்கு மேல்தான், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட வேண்டும். மகளுக்குப் போட்டாயிற்று. மகனுக்கு ஒன்றரை வயது, அங்கே வழியில்லை. இந்தியாவில் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடுகிறார்கள். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்ததுதான் இந்த வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற முதல் ஊசி. ஓசூரில் இறங்கியதும் அவனுக்குப் போட்டோம். பலன் தெரிய நாளாகும் என்பதால் தண்ணீரில் கவனம் குறையவில்லை. தட்டம்மை, மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் ஏ) ஊசிகளும் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேல்தான் வழக்கம். கைக்குழந்தையோடு பயணம் என்றால் ஆறு மாதத்திலேயே முன்கூட்டி ஒன்று போடுவார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு இன்னொரு கதையும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அப்பா தலைமுறையில் பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்கள் நிறையப் பேர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆனால் ஃப்ளோரைடு வருஷக்கணக்கில் குடித்தால் செய்யும் வேலை, மூன்று வாரத்தில் அது ஒன்றும் செய்யாது. கிருமிக்கு ஒரு டம்ளர் போதும். ஆக வருகிறவர்கள் பார்க்க வேண்டியது கிருமியைத்தான்.

இந்தத் தடவை அம்மாவிடம் "தண்ணி குடுக்காதே" என்று சொல்லவில்லை. "அம்மா, பிள்ளைங்களுக்குத் தண்ணி காய்ச்சறது உன் பொறுப்பு" என்றேன். தினம் காலையில் ஒரு பெரிய சொம்பு நிறையக் கொதிக்க வைத்து, மூடி, அதன்மேல் ஒரு சின்னக் கல்லையும் வைத்துவிடுவார். வேறு யாரும் தொடக்கூடாது. களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு எல்லாம் அடுப்பிலிருந்து இறக்கியதும் சூடாக. சூடாக இருப்பதில் பயம் குறைவு. பயப்பட வேண்டியது பச்சைத் தண்ணீர், ஆறிப்போன பண்டம், வெட்டி வைத்த பழம். தடை போட்டபோது வராத ஒத்துழைப்பு, பொறுப்பைக் கொடுத்தபோது வந்தது.

நாய்

மகளுக்கு எந்த நாயைப் பார்த்தாலும் கையை நீட்டத் தோன்றும். கலிபோர்னியாவில் அவள் பார்த்ததெல்லாம் கழுத்துப்பட்டையோடு இருக்கும் வளர்ப்பு நாய்கள். வெறிநாய்க் கடிக்கு ஆளாகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் விடுவதும் உண்டு.

கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. தடுப்பூசி பரவலாகக் கிடைக்கிறது. இம்யூனோகுளோபுலினுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரலாம். எங்கள் ஊரிலிருந்து அது மலைப்பாதையில் நீண்ட பயணம். அதனால் கிளம்பும் முன்பே இரண்டு தவணை முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டோம், ஒரு வார இடைவெளியில். இது போட்டிருந்தால் கடிபட்ட பிறகு இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஆனால் இரண்டு ஊசி மறுபடியும் போட்டே ஆக வேண்டும். முன்னாலேயே போட்டாச்சு என்று சும்மா இருக்கக்கூடாது.

கடிகாரம்

குளிர்காலத்தில் கலிபோர்னியாவுக்கும் நமக்கும் 13½ மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 6:30, ஊரில் மறுநாள் காலை 8. பகலும் ராத்திரியும் அப்படியே தலைகீழ்.

மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் அதை முன்னே இழுப்பதைவிடப் பின்னே தள்ளுவது சுலபம். 13½ மணி முன்னால் போவதும் 10½ மணி பின்னால் போவதும் ஒன்றுதான். கடிகாரம் இரண்டாவது வழியில் போனால் வேலை சீக்கிரம் முடியும். நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் நகரும் என்பது பொதுவான கணக்கு.

நகர்த்துவது வெளிச்சம். உடம்பின் வெப்பம் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் விடிகாலை 4 மணி வாக்கில். அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னே இழுக்கும். கலிபோர்னியாவின் விடிகாலை 4 மணி, ஊரில் மாலை 5:30. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் மதியம் 2 முதல் 5 வரை பிள்ளைகள் வெயிலில் இருப்பது நல்லது. டிசம்பர் என்பதால் வெயிலும் சுடாது. அந்த நேரத்தில்தான் அவர்களுக்குத் தூக்கம் சொக்கும். "பாவம், தூங்கட்டும்" என்று விட்டால் அந்த நாள் வீண். கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அரை மணி நேரக் குட்டித் தூக்கம் மட்டும் அனுமதி.

இவ்வளவு செய்தும் முதல் ஐந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிட்டார்கள். எழுந்தால் விளக்கு வேண்டாம், போன் வேண்டவே வேண்டாம். இருட்டில் உட்கார்ந்து பேசலாம். இந்த ஒரு விதிதான் பயணத்தையே மாற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று. முதல் வாரம் எங்கேயும் போகவில்லை. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். அங்கிருந்து நகரம் முழுவதையும் தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பிறகு மலைப்பாதை. வந்து சேர்ந்த பிள்ளைகளை மறுபடியும் வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு பெரியம்மாக்களுக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

சின்னவன் ஏன் அழுதான்

மகன் என் அம்மாவைப் பார்த்ததும் வீறிட்டான். எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வரை குழந்தைகளுக்குப் புது முகம் என்றால் பயம். அது குறை இல்லை, அம்மா அப்பாவை அடையாளம் தெரிந்துகொண்டதன் மறுபக்கம். ஆனால் 14 மாதம் திரையில் முத்தம் கொடுத்த ஆயாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

புதியவர் வேகமாக வந்து தூக்கினால் பயம் கூடும். அம்மா அப்பா பக்கத்தில் இருக்க, குழந்தையே நெருங்க விட்டால் குறையும். அம்மாவிடம் சொன்னேன்: "நீ அவனைப் பார்க்காதே, உன் வேலையைப் பாரு." அம்மா வாசலில் உட்கார்ந்து ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்க ஆரம்பித்தார். பருப்பு வழுக்கி எகிறி விழுவதை அவன் தூரத்திலிருந்து பார்த்தான். இரண்டாம் நாள் பக்கத்தில் வந்தான். மூன்றாம் நாள் முறத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

த, ட

இப்போது டாட்டாவுக்கு வருவோம். 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளால் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிய முடிகிறதா? ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளால் முடிந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காது கெடவில்லை. தன்னைச் சுற்றி எது தேவையோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

நானும் மனைவியும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் நம்மை அறியாமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். மகள் டேகேருக்குப் போனது பத்து மாதத்தில்.

இழந்தது திரும்புமா? 2003-இல் பெட்ரிசியா கூலின் குழு ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்களோடு 12 தடவை விளையாட வாய்ப்புக் கொடுத்தது. மொத்தம் சுமார் 5 மணி நேரம். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. 2014-இல் சாரா ரோஸ்பெர்ரி குழு இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததில், நேரில் பேசினாலும் வீடியோ காலில் பேசினாலும் புதுச் சொல்லைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. ஆக, திரை என்பது பிரச்சினை இல்லை. குழந்தை செய்வதற்கு எதிரில் இருப்பவர் உடனுக்குடன் பதில் தருகிறாரா என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் திண்ணையின் ஒரு மூலையில்தான் சிக்னல் வரும். அப்பா பேசுவது மூன்று விநாடி கழித்து வரும், நடுவில் உறைந்துபோகும். மகள் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஏன் பலிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஐந்து ராத்திரிகளுக்கு வருகிறேன். டிசம்பர், கேழ்வரகு அறுவடைக் காலம். ஊரைச் சுற்றிக் காடு. இந்தப் பக்கத்துக் காடுகள் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக 2014-இல் அறிவிக்கப்பட்டவை. கதிர் முற்றினால் யானை வரும். பரணில் காவல் இருப்பது இப்போது சின்னப் பையன்கள்தான். ஆனால் அப்பாவுக்கு அந்த மாதம் தூக்கம் வராது. ராத்திரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு மணிக்கு எழுந்த மகளை விளக்குப் போடாமல் அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவருக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குத் தமிழ் பாதிதான். வேறு வேலையும் இல்லை. தூரத்தில் கத்தல் கேட்டால் எந்தக் கொல்லை, எத்தனை உருப்படி என்று சொல்வார். அவள் கேள்வி கேட்பாள். "ஏன்?" என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மணி நேரம், தினமும். ஐந்து நாளில் 15 மணி நேரம்.

மூன்றாம் ராத்திரி அவர் "டாட்டா இல்லம்மா, தாத்தா. நாக்கு பல்லைத் தொடணும்" என்று டார்ச்சைத் தன் வாயில் அடித்துக் காட்டினார். விளக்கு விதி உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாக்கைப் பார்க்கவில்லை, பழுப்புப் பல்லைப் பார்த்து "ஏன்?" என்றாள். கிணற்றுத் தண்ணீர், சின்ன வயசு, அப்போது ஒகேனக்கல் தண்ணீர் இல்லை என்று ஆரம்பித்தார். விடியும் வரை அந்தக் கதை ஓடியது.

மறுபடியும் கணக்கு

இந்தத் தடவை 21 நாளில் ஒரு நாள் மகனுக்குச் சளி, மூன்று நாள் வெளியூர், போக வர இரண்டு நாள். மிச்சம் 15. ஜெட் லேக் நாட்களைக் கழிக்கவில்லை, அவைதான் நல்ல நாட்கள். திரும்பிய மூன்றாவது வாரம் வரை காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

கிளம்பிய காலையில் மகள் வண்டியிலிருந்து கையாட்டி, "தாத்தா, டாட்டா" என்றாள். இரண்டும் வேறுவேறு சொல்லாகவே வந்தன. அப்பா திரும்பி அம்மாவிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் சிக்னல் விட்டுப்போனால் அவள் காத்திருக்கிறாள். போன வாரம் அம்மா கேட்டார், "அடுத்து எப்ப வரீங்க?"